போத்தனூரிலிருந்து போன பிள்ளைகள்

தத்துப் பிள்ளையைத் தேடி வெளிநாட்டுக் குடும்பங்கள் கோவைக்கு வரத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. கனடாவின் மாண்ட்ரீலில் சில தாய்மார்கள் சேர்ந்து தொடங்கிய ‘ஃபேமிலீஸ் ஃபார் சில்ட்ரன்’ அமைப்பு, 1972இல் வங்கதேசப் போரின் விளைவாகப் பிறந்த 15 குழந்தைகள் கனடாவுக்குப் போக வழிசெய்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் சாண்ட்ரா சிம்ப்சன். அந்த அமைப்பு பின்னாளில் கோவையின் போத்தனூரில் ஒரு குழந்தைகள் இல்லம் நடத்தியது. அங்கிருந்து போன பிள்ளைகள் இன்று நடுவயதைத் தொட்டிருப்பார்கள். கோவையைப் பிறந்த ஊராகப் பாஸ்போர்ட்டில் மட்டும் வைத்திருப்பவர்களைப் பற்றி அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

*

நகரின் ஓர் இல்லத்தில் பார்த்தது. பிள்ளையை அழைத்துப்போக வந்த வெளிநாட்டு அம்மாவின் மடியில் சின்ன நோட்டு. பசிக்குதா, தண்ணி, வலிக்குதா, ஒண்ணுக்கு வருதா. தன் எழுத்தில் எழுதிவைத்து உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். ரசஞ்சோற்றை எந்தப் பதத்தில் பிசைய வேண்டும் என்று ஆயாம்மா கையால் செய்து காட்டினார். கட்டி தட்டினால் துப்பிவிடுவானாம். அந்த அம்மாவும் கையை விட்டுப் பிசைந்தார். ஆயாம்மா ஒரு வாய் எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்து, “இன்னுங் கொஞ்சம் கொழையோணுங்க” என்றார். பையன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குடும்பத்துக்கு அது வெளிநாட்டுப் பயணம். மூன்று வயதுப் பையனுக்கோ, தெரிந்த வாசனை, தெரிந்த குரல், படுத்துறங்கிய பாய், எல்லாமே ஒரே நாளில் மாறப்போகிறது. அவன் அழுதால் சமாதானப்படுத்த அவசரப்பட வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லத் தோன்றியது. அழ அவனுக்குக் காரணம் இருக்கிறது.

*

முன்பெல்லாம் வெளிநாட்டவர் இங்கே தத்தெடுக்கத் தனிச் சட்டம் இல்லை. 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி நீதிமன்றத்தில் பாதுகாவலராகி, பிள்ளையைக் கூட்டிப்போய், தங்கள் நாட்டில் தத்தெடுப்பை முடிப்பார்கள். லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே மனுவாக ஏற்கப்பட்டு, 1984இல் நீதிபதி பகவதி நெறிமுறைகளை வகுத்தார். முதலில் இந்தியாவுக்குள் பெற்றோரைத் தேட வேண்டும். கிடைக்காதபோதுதான் கடல் தாண்ட வேண்டும். பிறகு மத்தியத் தத்தெடுப்பு வள ஆணையமான ‘காரா’ வந்தது. 2003இல் நாடுகளுக்கிடையிலான தத்தெடுப்பு பற்றிய ஹேக் உடன்படிக்கையை இந்தியா ஏற்றது.

இப்போது தத்து ஆணையைத் தருபவர் மாவட்ட ஆட்சியர்; சிறார் நீதிச் சட்டத்தின் 2021 திருத்தம் அந்தப் பொறுப்பை நீதிமன்றத்திடமிருந்து மாற்றியது. ‘காரா’வின் தடையின்மைச் சான்று, பிள்ளைக்குப் பாஸ்போர்ட், விசா என்று குடும்பம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறது. ஊர் திரும்பிய பிறகும் இரண்டு ஆண்டுகள் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று அறிக்கை போக வேண்டும். முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அடுத்த ஆண்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை.

இழுத்தடிக்கிறார்கள் என்ற புலம்பல் காதில் விழுகிறது. காத்திருப்பவரின் வேதனை பொய்யில்லை. ஆனால் இந்தத் தாமதத்தில் ஒரு பங்கு பெற்றவளுக்கு உரியது. பிள்ளையை ஒப்படைத்த தாய் மனம் மாறினால் திரும்பப் பெற, சட்டம் 60 நாள் தருகிறது. அந்த 60 நாளை ஒருவரும் குறைக்கக் கூடாது.

*

அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ரொம்பத் தூரம் போக வேண்டாம். சென்னையின் ஏழைக் குடியிருப்புகளில் திருடப்பட்ட பிள்ளைகள், சரியானவை போன்ற காகிதங்களோடு வெளிநாடுகளுக்குத் தத்துப் போனது 2005இல் அம்பலமானது. 1980களில் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் பலருடைய ஆவணங்கள் போலியானவை. நெதர்லாந்து 2021இல் வெளிநாட்டுத் தத்தெடுப்பை நிறுத்திவைத்தது. 2024இல் அதைப் படிப்படியாக முடித்துக்கொள்வதென்று முடிவெடுத்தது.

அதற்காக எல்லாக் கதவையும் சாத்துவது சரியென்று எனக்குப் படவில்லை. நம் மண்ணின் கதையும் இருக்கிறதே. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில்தான் தொடங்க வேண்டியிருந்தது. தொட்டிலில் விடப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண் குழந்தைகள். இன்றும் வளர்ந்த பிள்ளைகளையும் உடல்நலச் சிக்கல் உள்ளவர்களையும் ஏற்க உள்ளூர்க் குடும்பங்கள் தயங்குகின்றன. அவர்களில் பலர் வெளிநாட்டில்தான் வீடு காண்கிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு நாம்தான் பொறுப்பு.

*

போனவர்கள் வளர்ந்து திரும்பி வருகிறார்கள். 18 வயது முடிந்தவர் தன் வேரைத் தேடித் தானே விண்ணப்பிக்க விதி இடம் தருகிறது. அதே விதி பெற்றவளின் அந்தரங்கத்தையும் காக்கிறது, அது நியாயம். அவள் வேறு வீட்டில், வேறு வாழ்க்கையில் இருக்கலாம். பெயர் கிடைக்காமல் போனாலும், வந்தவருக்கு எந்தத் தேதியில், யார் கையில், எந்த நிலையில் வந்துசேர்ந்தார் என்று எழுதிய ஒரு பக்கம் கிடைத்தால் அது பெரிய காரியம்.

இல்லத்திலோ மருத்துவமனையிலோ காவல் நிலையத்திலோ பழைய பதிவேடுகள் உங்கள் பொறுப்பில் இருந்தால், தயவுசெய்து கரையானுக்கு விட்டுவிடாதீர்கள். ஆவணக் கழிவு என்று எடைக்குப் போடாதீர்கள். விதிப்படி கேட்டு வருபவருக்கு, இருப்பதை இருப்பது போலச் சொல்லுங்கள்.