ஆர்வம் அடங்கிய பின்

தொடங்குவது எளிது, தொடர்வது அரிது. இதனை அறியாதவர் இல்லை. ஆயினும் அது ஏன் அவ்வாறு இருக்கிறது என்று நின்று வினவுவோர் சிலரே. பெரிய இலட்சியங்களை ஒருபுறம் வைத்துவிட்டு, சிறியதொரு செயலைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம். ஓர் இளைஞன் கிதார் கற்கத் தொடங்குகிறான். சில மாதங்களில் விட்டுவிடுகிறான். ஏன்?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு, குழலார்கனுக்குச் சிறப்பிடம் தந்ததோடு, உரியவர்களின் இசைவு பெற்ற பிற கருவிகளுக்கும் ஆலயத்தின் கதவைத் திறந்தது. அவ்வழியே கிதார் நம் பாடற்குழுக்களுக்குள்ளும் வந்து சேர்ந்தது. இன்று எத்தனையோ இல்லங்களில், வாங்கிய நாளின் உற்சாகத்துக்குச் சான்றாக, கம்பி துருவேறிய கிதார் ஒன்று சுவரில் தொங்குகிறது. இது நம் இளைஞருக்கு மட்டும் உரிய குறையன்று. புதிதாகக் கிதார் வாங்குவோரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் அதைக் கைவிட்டுவிடுகின்றனர் என்று, அமெரிக்கக் கிதார் நிறுவனமான ஃபெண்டரின் தலைமை நிர்வாகி ஆண்டி மூனி 2010-களில் கூறினார்.

விரல் வலியே காரணம் என்பர். உலோகக் கம்பியை அழுத்தும் இடக்கை விரல் நுனிகள் தொடக்கத்தில் எரிவது உண்மையே. ஆனால் நாள்தோறும் சிறிது நேரம் பயின்றால் சில வாரங்களில் தோல் காய்த்துவிடும், வலியும் மறைந்துவிடும். அடுத்து, கார்டு எனப்படும் ஒரு சுரக்கூட்டிலிருந்து மற்றொன்றுக்கு விரல்கள் தாவ மறுக்கும். பிறகு எஃப் கார்டு வரும். ஆள்காட்டி விரல் ஒன்றே ஆறு கம்பிகளையும் குறுக்காக அழுத்த வேண்டும். அங்கே பலர் நின்றுவிடுகின்றனர். எனினும் இவையெல்லாம் கடக்கக்கூடிய தடைகளே. கடக்க அரியது வேறொன்று. முதல் நாளின் வியப்பு தீர்ந்துவிட்டது. முழுப் பாடலை வாசிக்கும் நாளோ இன்னும் வரவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே வலியும் இல்லாத, இன்பமும் இல்லாத நீண்ட வறண்ட நிலம் கிடக்கிறது. பெரும்பாலோர் அந்நிலத்தில்தான் திரும்பிவிடுகின்றனர்.

புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் இந்நிலத்தை நன்கு அளந்திருக்கிறார். வெளியிலிருந்து வரும் தடைகளை எதிர்த்து நிற்பது ஒரு வகை உறுதி. ஒரு செயல் நெடுங்காலம் நீள்வதனாலேயே எழும் சோர்வை எதிர்த்து நிற்பது மற்றொரு வகை. இந்த இரண்டாவதையே விடாமுயற்சி என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். அதற்கு எதிரான குறையை அவர் விளக்கும் விதம் இன்னும் கூர்மையானது. கடும் அடி விழுந்து பின்வாங்குபவனை அவர் மென்மையானவன் என்று பழிப்பதில்லை. இன்பம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக நல்லதொன்றை விட்டுவிடுபவனே அப்பெயருக்கு உரியவன்.

இவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால், ஜாங்கோ ரைன்ஹார்ட் கிதாரைக் கைவிட்டிருந்தாலும் எவரும் குறை சொல்லியிருக்க முடியாது. 1928-இல் அவர் குடியிருந்த வண்டி தீப்பற்றியதில் இடக்கையின் இரு விரல்கள் செயலிழந்தன. எஞ்சிய இரு விரல்களுக்கு ஏற்பப் புதியதோர் வாசிப்பு முறையை அவர் அமைத்துக்கொண்டார். ஐரோப்பிய ஜாஸ் இசையின் தலைசிறந்த கலைஞர்களுள் ஒருவரானார். நம் வீட்டுக் கிதாரோ, ஐந்து விரலும் நலமாக இருக்கச் சுவரில் தொங்குகிறது.

ஆயினும் விடுவதெல்லாம் குறையன்று. அளவு கடந்து பற்றிக்கொள்ளும் பிடிவாதத்தையும் அக்குவினாஸ் குறையென்றே சொல்கிறார். குடும்பச் சுமையை ஏற்பதற்காகவோ, தன் திறன் மிருதங்கத்தில்தான் உள்ளது என்று கண்டுகொண்டோ ஒருவன் கிதாரை வைத்துவிடலாம். வேறொரு நன்மைக்காக விட்டேனா, சுவை இல்லாததால் விட்டேனா என்ற கேள்விக்கு அவனவன் மனமே விடை சொல்லும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். விருப்பம் இல்லாமல் ஒன்றைச் செய்வது போலித்தனம் ஆகாதா? விருப்பம் எங்கிருந்து வருகிறது என்பதை எண்ணிப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். முற்றிலும் அறியாத ஒன்றை எவராலும் அன்புசெய்ய இயலாது என்பது புனித அகுஸ்தீனாரின் வாதம். கிதாரைப் பொறுத்தவரை அறிவது என்பது விரல் அறிவதே. மூன்று சுரக்கூட்டுகள் கைவந்தவனுக்கு, நெடுநாள் கேட்ட பாடலில் அவை மாறும் இடங்கள் திடீரெனக் காதில் விழுகின்றன. முன்பு இல்லாத ஒரு விருப்பம் அன்றுதான் பிறக்கிறது. ஆர்வத்தை விதை என்று எண்ணுகிறோம். பல வேளைகளில் அது விளைச்சலாக இருக்கிறது. யாழை மீட்டியே யாழிசைஞர் ஆகிறோம் என்றார் அரிஸ்டாட்டில். யாழை மீட்டியே மோசமான யாழிசைஞரும் உருவாகின்றனர் என்று அவரே எச்சரித்தார். ஆகவே மீண்டும் மீண்டும் செய்வது மட்டும் போதாது. கவனத்தோடு, மெதுவாக, சரியாகச் செய்ய வேண்டும்.

ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டில் தறியில் அமரும் நெசவாளரைப் பார்ப்போம். கால் மிதியில், கை நாடாவில். இழைமேல் இழை சேர, நெய்த பட்டு படமரத்தில் சுருண்டுகொண்டே போகிறது. கண்முன் நிற்பது சிறு அளவுத் துணியே; முழுச் சேலையும் அறுத்து விரிக்கும் நாளில்தான் தெரியும். கற்பவனின் முன்னேற்றமும் அவ்வாறே அவன் கண்ணுக்கு மறைந்து சுருண்டுகிடக்கிறது. ஆனால் நெசவாளரின் உறுதியைப் புகழும்போது, அவரைத் தறியில் அமர்த்தும் கூலியின் கட்டாயத்தை நாம் மறந்துவிடலாகாது. இன்று ஆர்வம் உண்டா என்று அவரை எவரும் கேட்பதில்லை. கிதார் கற்பவனுக்கோ அக்கட்டாயம் இல்லை. அவன் விடுதலை பெற்றவன். விடுதலை பெற்றவன் தன்னைத் தானே கட்டிக்கொள்ள வேண்டும். அவனுக்கு வேறு கட்டு இல்லை.

அந்தக் கட்டு பெரியதாக இருக்கத் தேவையில்லை. ஞாயிறன்று இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிட, நாள்தோறும் கால்மணி நேரம் வாசிப்பது மேல். கிதார் உறைக்குள் உறங்காமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இரண்டே சுரக்கூட்டுகளைத் தாளம் தவறாமல் மாற்றிப் பழகட்டும். எளிய பாடல் ஒன்றைக் குறித்த நாளில் குழுவோடு வாசிப்பதாக ஒப்புக்கொள்ளட்டும். தனக்காக மட்டும் பயில்பவன் எளிதில் தளர்வான். தனக்காகச் சிலர் காத்திருக்கின்றனர் என்று அறிந்தவன் அமர்ந்துவிடுவான்.

தொடக்கநிலையின் தாழ்மையையும் ஏற்க வேண்டும். பண்ணைப்புரத்திலிருந்து 1968-இல் சென்னை வந்த இளையராஜா, அதற்கு முன்பே அண்ணனின் இசைக்குழுவில் பல மேடைகளைக் கண்டவர். ஆயினும் தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவராக அமர்ந்து மேலை இசையைக் கற்றார். இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிதார் தேர்வில் தேறினார். பிறருடைய இசையமைப்பில் கிதார் வாசித்தார். 1976-இல் வந்த ‘அன்னக்கிளி’யை உலகம் அறியும். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளை நினைப்போர் குறைவு.

அனைவரும் இளையராஜா ஆகப்போவதில்லை. மூன்று பாடல்களோடு நிற்பவனுக்கு என்ன கிடைக்கிறது? தான் சொன்னதைத் தான் செய்பவன் என்ற நம்பிக்கை கிடைக்கிறது. தனக்குக் கொடுத்த சிறு வாக்குகளை ஒவ்வொன்றாக உடைப்பவன், நாளடைவில் தன் சொல்லையே நம்ப மறுக்கிறான். பிறகு திருமணம், நட்பு, பணி ஆகியவற்றின் வறண்ட நாள்களில் எதைப் பற்றிக்கொண்டு நிற்பான்?

பெற்றோர்க்கு ஒரு சொல். வாங்கிய கிதாரின் விலையைச் சொல்லிப் பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டா. மாலையில் அருகே அமர்ந்து, தெரிந்த அளவு வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறினாலும் இறுதிவரை கேளுங்கள். கேட்பதற்கு ஒருவர் இருக்கும் வீட்டில் கிதார் நெடுநாள் சுவரில் தொங்காது.