உடைவாளும் சத்துணவும்

அறுபத்துமூவரில் ஒருவரான மூர்க்க நாயனாரின் ஊர் திருவேற்காடு. அங்குள்ள கருமாரியம்மனைத் தேடி வருகிறவர்களில் பலர் அவரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அடியார்களுக்கு அமுது படைத்தே சொத்தெல்லாம் கரைந்துபோக, சூதாடி, ஜெயித்த பணத்தையும் சோறாக்கியவர் அவர். தோற்றவன் தகராறு செய்தால் உடைவாளை உருவிக் குத்தியவரும் அவரே. பக்கத்துக் குன்றத்தூர்க்காரரான சேக்கிழார் அந்தக் குத்தை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். ஊருக்குச் சோறு போட்டவன் என்பதற்காக அவன் ஆயுதத்துக்கும் நியாயம் வந்துவிடுமா?

அதே கேள்வி இன்னொருவருக்கும் பொருந்தும். திருவேற்காட்டிலிருந்து வந்து போரூரைத் தாண்டினால் ராமாவரம் தோட்டம். அங்கே வாழ்ந்த எம்.ஜி.ஆருக்குச் சிலம்பமும் வாள்வீச்சும் வெறும் கேமரா வித்தை அல்ல, முறையாகப் பழகியவை. 'ரிக்‌ஷாக்காரன்' (1971) படத்தில் ரிக்‌ஷாவை ஓட்டிக்கொண்டே கம்பு சுற்றுவாரே, பழக்கமில்லாத கைக்கு அது வராது. படங்களில் எதிரியின் வாள் நழுவினால் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் மறுபடி மோதுவார். 'வாத்தியார்' என்று தாங்கள் அழைத்த அவரது ஆட்சியும் அப்படித்தான் இருக்கும் என்று ஜனங்கள் நம்பியதில் வியப்பில்லை.

1977இல் முதல்வரானார். 1982இல் சத்துணவுத் திட்டம் வந்தது. லட்சக்கணக்கான பிள்ளைகள் பசியாறினார்கள். குண்டர் சட்டமும் அதே 1982இல்தான் வந்தது. விசாரணை இல்லாமலே ஒருவரை ஓராண்டு வரை சிறையில் வைக்கலாம். அந்தக் காவலைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்தின் முன் வக்கீல் வைத்து வாதாடும் உரிமைகூடக் கிடையாது. வாள் நழுவியவனுக்கு வாளை எடுத்துக் கொடுக்காத சட்டம் இது.

ரவுடிக்குப் பயந்து யாரும் சாட்சி சொல்ல வருவதில்லை, வேறு என்ன வழி என்பார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் சாட்சிக்குப் பாதுகாப்பு கொடுப்பது ஒரு வழி. சாட்சியே வேண்டாம் என்பது வேறு வழி. அரசு சுலபமானதை எடுத்துக்கொண்டது.

சிலம்பக் களத்தில் நிதானம் பழகுவதற்குக் காரணம், எதிரே நிற்பவன் கையிலும் கம்பு இருப்பதுதான். தவறி அடித்தால் அடி திரும்பி வரும். கோட்டையில் அமர்ந்தவருக்கு அந்தப் பயம் இல்லை. ஆகவே களத்தில் காட்டிய ஒழுக்கத்தை ஆட்சிக்கு ஜாமீனாக ஏற்பது தவறு. சத்துணவுப் புண்ணியத்தைக் குண்டர் சட்டத்தின் கணக்கில் கழிப்பதும் தவறு. மூர்க்கரை மன்னித்தது சிவன். வாக்காளருக்கு அந்த அதிகாரம் இல்லை, கேள்வி கேட்கும் கடமைதான் உண்டு.

எம்.ஜி.ஆருக்குப் பின் வந்த இரு கழக ஆட்சிகளும் அந்தச் சட்டத்தைக் கைவிடவில்லை. 2014இல் அதன் வரம்பு இன்னும் விரிந்தது.