அரும்பொருள் சேர்த்தலும் பற்றும்

சிகரெட்டுப் பெட்டிக்குள் விலையின்றி வைத்துக் கொடுக்கப்பட்ட ஓர் அட்டைத் துண்டு, 2022ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அமெரிக்க நாட்டில் 72½ இலட்சம் டாலருக்குக் கைமாறியது. நம் கணக்கில் அது 50 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகை. அட்டையின் அகலம் ஒன்றரை அங்குலம்கூட நிரம்பாது. உயரம் இரண்டரை அங்குலத்துக்குச் சற்று மிகும். அதன்மேல் ஒரு பந்தாட்டக்காரரின் மார்பளவுப் படம் உள்ளது. இச்செய்தியைக் கேட்டு நகைப்பது எளிது. ஆயின், அவாவின் இயல்பை ஆராய விழைவோர்க்கு இதைவிடத் தெளிவான பாடம் வாய்ப்பது அரிதாகலின், அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

பேஸ்பால் என்பது அமெரிக்கர் விரும்பியாடும் பந்தாட்டம். நாம் அறிந்த கிரிக்கெட்டுக்கு ஒருவகையில் உறவுடையது. அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி 1909 முதல் 1911 வரை இவ்வாட்டக்காரர்களின் வண்ணப் படங்களைத் தன் சிகரெட்டுப் பெட்டிகளுள் வைத்து விற்றது. மெல்லிய பெட்டி நசுங்காதிருக்க உள்ளே ஓர் அட்டை வேண்டியிருந்தது; அவ்வட்டையில் படத்தை அச்சிட்டால் விற்பனையும் பெருகும். இவ்வாறு 500க்கு மேற்பட்ட படங்கள் வெளிவந்தன. புகைபிடிக்கும் பெரியோரிடம் சிறுவர் அவற்றைக் கேட்டு வாங்கித் திரட்டினர். நம் நாட்டுச் சிறுவர் தீப்பெட்டிப் படங்களையும் சிகரெட்டு அட்டைகளையும் பொறுக்கிச் சேர்த்ததைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர்.

ஹோனஸ் வாக்னர் என்பவர் பிட்ஸ்பர்க் அணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர். ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஏழைக் குடும்பத்திற் பிறந்து, சிறு வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். தம் படத்தை இவ்வாறு வெளியிட அவர் இசையவில்லை. சிறுவர் புகையிலை வாங்குதற்குத் தம் முகம் தூண்டுகோலாதல் கூடாது என்று அவர் கருதினார் என்பர் ஒரு சாரார். உரிய ஊதியம் கிடையாமையே காரணம் என்பர் மற்றொரு சாரார். அவர்தாமும் புகையிலையை அறியாதவர் அல்லர். எவ்வாறாயினும் அச்சிடுதல் நின்றது. அதற்குள் வெளிப்போந்தவை மிகச் சில. இன்று ஏறத்தாழ ஐம்பது அறுபது பிரதிகளே எஞ்சியுள்ளன என்பர்.

முன்னதே உண்மைக் காரணமாயின், இதன் முரண்பாட்டை என்னென்பது! ஒருவர் மறுத்தார்; அம்மறுப்பினால் படம் அரிதாயிற்று; அருமையினால் விலை ஏறிற்று. விலக்க முயன்ற வேட்கையே வேறு வடிவிற் பெருகி வந்து நின்றது.

இவ்வட்டைகளுள் ஒன்று 1991இல் 4,51,000 டாலருக்கு ஏலம் போயிற்று. பழுதற்ற ஓரங்களை உடையது அஃதொன்றே எனப் புகழப்பட்டு, 2007இல் 28 இலட்சம் டாலர் வரை அதன் விலை ஏறிற்று. அவ்வோரங்கள் கத்தரித்துச் செப்பமிடப்பட்டவை என்பதை, முன்னர் அதனை விற்ற வணிகர் ஒருவர் 2013இல் வழக்குமன்றத்தில் ஒப்புக்கொண்டார். படம் அதே படந்தான். ஒப்புதலுக்கு முந்திய நாளுக்கும் பிந்திய நாளுக்கும் இடையே அதன் நிறத்தில் அணுவளவும் மாற்றமில்லை.

எனின், அதன் பெருமதிப்பு எங்கே உள்ளது? தாளிலன்று, மையிலன்று, வாக்னரின் ஆட்டத்திலுமன்று. நாளையே ஒரு பழைய கிடங்கிலிருந்து இதே படம் பத்தாயிரம் பிரதிகள் வெளிப்படுவதாகக் கொள்வோம். முகம் மங்காது, வண்ணம் வெளிறாது. விலை மட்டும் வீழ்ந்துவிடும். ஆகவே அவ்விலையைத் தாங்கி நிற்பது, பிறரிடம் அப்பொருள் இல்லை என்னும் இன்மையே. பசித்தவன் சோற்றை விரும்புகிறான். அவன் உண்டு மகிழ்வதற்கு அடுத்தவன் பட்டினி கிடக்க வேண்டுவதில்லை. குளிரால் வருந்துவோன் போர்வையை விரும்புகிறான். அயலானுக்கும் போர்வை இருத்தலால் இவனது வெம்மை குறைவதில்லை. அரும்பொருளை ஆள்வோனின் இன்பமோ பிறர் இன்மையின்மேற் கட்டப்பட்டது. ஏனைய வேட்கைகளினும் இது நுட்பமானதென்றும், அதனாலேயே கொடியதென்றும் நாம் கருதுகிறோம்.

இக்குற்றம் பந்தாட்டப் படங்களோடு பிறந்ததன்று. விநய பிடகத்தில் இதன் மூதாதையைக் காணலாம். பிக்குகள் சிலர் பிச்சைப் பாத்திரங்களைத் திரட்டி அடுக்கி வைக்கத் தொடங்கினர். விகாரைகளைச் சுற்றிப் பார்க்க வந்த மக்கள், இவர்கள் பாத்திரக் கடை வைக்கப் போகிறார்களோ என்று பழித்தனர். மிகைப் பாத்திரம் வைத்திருத்தல் கூடாது என்று பகவர் விதித்தார். அதன்பின் நிகழ்ந்ததே நம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டற்பாலது. ஆனந்தருக்கு மிகையாக ஒரு பாத்திரம் கிடைத்தது. அதனைச் சாரிபுத்தருக்கு அளிக்க அவர் விரும்பினார். சாரிபுத்தரோ சாகேத நகரில் இருந்தார். அவர் எத்துணை நாளில் வருவார் எனப் பகவர் வினவ, ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ வருவார் என்றார் ஆனந்தர். ஆயின் பத்து நாள் வரை மிகைப் பாத்திரம் வைத்திருக்கலாம் என விதி தளர்த்தப்பட்டது.

இவ்விதியின் நுட்பத்தை அன்பர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும். திரட்டி அடுக்கியோர் கையில் இருந்ததும் பாத்திரமே. ஆனந்தர் கையில் இருந்ததும் பாத்திரமே. முன்னதற்குச் செல்லும் இடம் இல்லை. பின்னதற்குப் பெறுவார் ஒருவர் உண்டு, வழிதான் தொலைவு. அந்தத் தொலைவுக்கு வேண்டிய காலம் மட்டும் வைத்திருக்க இடந் தரப்பட்டது. இது துறவியர்க்கு உரிய விதி. இல்லறத்தார்க்கு இத்துணைக் கடுமை இல்லை. ஈட்டிய பொருளை நான்காகப் பகுத்து, ஒரு பகுதியை இடர் வருங்காலத்துக்குச் சேமித்து வைக்குமாறு சிகாலனுக்குப் பகவரே அறிவுறுத்தினார். ஆதலின் சேர்த்தலே பாவம் என்று கூறி முடித்துவிடுதல் நம் நெறிக்கு ஒவ்வாது. யாருக்காக, எதுவரை என்பவையே கேட்கத்தக்க வினாக்கள்.

புனே நகருக்குச் செல்லும் நம்மவர்கள், 1954 டிசம்பர் 25இல் அண்ணல் அம்பேத்கர் புத்தர் திருவுருவை நிறுவிய தேஹு ரோட்டையும், கார்லா, பாஜா குகைகளையும் கண்டு திரும்புவர். அந்நகரின் பாஜிராவ் சாலையை அடுத்து ராஜா தினகர் கேல்கர் அருங்காட்சியகம் ஒன்றுளது. அதனையும் காணுதல் நன்று. தினகர் கங்காதர் கேல்கர் (1896–1990) மராத்திக் கவிஞர். 'அஞ்ஞாதவாசி' என்ற புனைபெயரில் எழுதியவர். 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் பொருள் சேர்க்கத் தொடங்கினார். முதலில் உற்றார் இல்லங்களிலும், பின்னர் தொலைவான ஊர்களிலும் தேடியலைந்தார். மனைவியார் கமலாபாயும் அப்பணியிற் பங்கு கொண்டார். திரண்டவை இன்று ஏறத்தாழ 20,000.

அவர் தேடியவை எவை? பாக்குவெட்டிகள், வெற்றிலைப் பெட்டிகள், விளக்குகள், மைக்கூடுகள், பாதம் தேய்க்கும் வச்சிரிகள், அடுக்களைப் பாத்திரங்கள், செதுக்கிய கதவுகள், இசைக் கருவிகள். அரண்மனைப் பொருள்களும் சில உண்டு; மஸ்தானி மாளிகையின் பகுதிகளையும் அங்கே மீள அமைத்துள்ளனர். எனினும் நின்று காணத்தக்கவை வீட்டுப் பொருள்களே என்பது நம் கருத்து. ஒரு பாக்குவெட்டி குதிரை வடிவில் இருக்கும். மற்றொன்று பறவையாக நிற்கும். பாக்கு நறுக்க இந்த அழகு வேண்டுவதில்லை. அதனை வடித்த கன்னானும் கொல்லனும் தம் நாளின் உழைப்போடு ஒரு சிறு களிப்பையும் உலோகத்தில் இட்டுச் சென்றனர். அவர்கள் பெயரை எந்தக் கல்வெட்டும் கூறாது. அரசர் வாளைக் காக்க ஆயிரம் பேர் உளர். உழைப்போர் கைவண்ணத்தைப் பேணுவார் அக்காலத்தில் அரியர். வரலாறு தம்மை மறந்தது என்று அறிந்த நம்மவர்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டா.

மேலே கண்ட அட்டையோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். பாக்குவெட்டி அரிதாயிருந்தமையால் எடுக்கப்பட்டதன்று. எல்லா இல்லங்களிலும் இருந்தமையால் ஒருவரும் மதியாத பொருள் அது. பழம் பித்தளை என்று எடைக்குப் போட்டுவிடும் நாளில் அதனைக் கேட்டு வாங்கினார் கேல்கர். பின்னாளில் தொகுப்பு முழுவதையும் மகாராஷ்டிர அரசிடம் ஒப்படைத்தார். அவருக்கும் ஒரு சாரிபுத்தர் இருந்தார் என்று கொள்ளலாம். பத்து நாளைவிட வழிதான் சற்று நீண்டுவிட்டது.

இங்கே ஒரு தடை எழும். அவ்வருங்காட்சியகம் இளமையில் இறந்துபட்ட அவருடைய ஒரே மகன் ராஜாவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. மகன்பாற் கொண்ட பற்றன்றோ இது? பற்றை விடச் சொல்லும் நெறியினர் இதனைப் புகழ்தல் தகுமா? தடை நேரியதே, அதனை மழுப்ப வேண்டுவதில்லை. அது பற்றுத்தான். ஆயின் கிசாகௌதமியை நினைவுகூர்க. இறந்த மகவை ஏந்தி வந்த அவளிடம் பகவர் உபதேசம் எதுவும் முதலிற் செய்யவில்லை. சாவு நேராத வீட்டிலிருந்து கடுகு கொண்டுவா என்று வீடு வீடாக அனுப்பினார். தன் துயர் ஒன்றே உலகம் என்றிருந்தவள், ஒவ்வொரு வாயிலிலும் பிறர் துயரைக் கேட்டு நின்றாள். துயருற்ற மனம் தன் வீட்டுக்குள் அடைபட்டால் நஞ்சாகும். பிறர் வாயிலுக்குச் சென்றால் வேறாகும். கேல்கரும் வீடு வீடாகச் சென்றவரே. அவர் அடைந்த தெளிவு யாது என்று நாம் அளந்து கூற இயலாது. அவர் பற்று கதவைத் திறந்தது என்ற அளவில் நிறுத்துவோம்.

வாங்குவோர் எல்லாரும் இவ்வாறு நடப்பவர் அல்லர். வறுமையுற்ற இல்லத்துப் பழம்பொருளைச் சில்லறைக்குப் பெற்று, நகரத்தில் ஆயிரக்கணக்கில் விற்போர் பலர். விற்பவளின் அறியாமையே அங்கு முதலீடு. நல்வாழ்க்கைத் தொழில் என்னும் அங்கத்தில் இதற்கு இடமில்லை.

புனிதப் பொருள்கள்கூட இவ்வேட்கைக்குத் தப்பவில்லை. பகவர் பரிநிர்வாணம் அடைந்தபின் அவர் திருவெலும்புகளை வேண்டி நின்ற மன்னரும் குலத்தாரும் போருக்கு முற்பட்டனர். துரோணர் என்னும் பிராமணர் எட்டாகப் பகுத்து அமைதி செய்தார். பொறுமையைப் போதித்தவரின் எச்சத்துக்காக வாளெடுத்தல் எவ்வளவு பொருத்தமற்றது என்று அவரே இடித்துரைத்தார். நம் காலத்தில், 1898இல் பிப்ரவா தூபியில் கிடைத்த மணிகளுள் ஒரு பகுதி, 2025 மே மாதம் ஹாங்காங்கில் ஏலத்துக்கு வரவிருந்தது. இந்திய அரசு எதிர்த்தமையால் ஏலம் நிறுத்தப்பட்டு, ஜூலையில் அவை நாட்டுக்குத் திரும்பின. வழிபாட்டுக்கென மண்ணில் இட்டவர்கள் அவற்றுக்கு விலை எதுவும் குறிக்கவில்லை.

உலகிலேயே அரிய பாத்திரம் எது என்று தமிழரைக் கேட்டால் அமுதசுரபி என்பர். அஃதொன்றே, இரண்டாவது பிரதி இல்லை. ஆபுத்திரன் அதனோடு மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டபோது, உண்பதற்குப் பிறர் எவரும் அங்கில்லை. தனக்கு மட்டும் அதனை வைத்துக்கொள்ள மனமின்றி, கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாது உயிர் நீத்தான் என்பது மணிமேகலை கூறும் கதை. ஒப்பற்ற பொருளைத் தனியே ஆளும் நிலை வாய்த்தபோது அது அவனுக்குச் சுமையாயிற்று. ஏலக் கூடத்தில் இக்கதையைச் சொன்னால் விளங்கிக்கொள்வார் சிலரே.

அச்சிலரும் அமெரிக்க நாட்டில் இல்லாமற் போகவில்லை. அப்பந்தாட்டப் படங்களை முதன்முதல் முறையாக வகைப்படுத்தி எண்ணிட்டவர் ஜெபர்சன் பர்டிக் (1900–1963). வாக்னர் படம் அடங்கிய வரிசையை 'டி206' என்று வணிகர் இன்றும் அழைப்பது அவர் இட்ட எண்ணால்தான். அவர் செல்வர் அல்லர். சைராக்யூஸ் நகரில் மின்கருவித் தொழிற்சாலை ஒன்றில் உழைத்தவர். மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்கிய நிலையிலும் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட அட்டைகளையும் அச்சுத் தாள்களையும் திரட்டி, 1947 முதல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு அளித்தார். கொடுத்ததோடு நில்லாமல், அங்கேயே அமர்ந்து அவற்றை ஏடுகளில் ஒட்டி ஒழுங்குபடுத்தும் வேலையையும் ஆண்டுக்கணக்கிற் செய்தார். 1963 ஜனவரியில் அப்பணி முடிந்தது. அன்று விடைபெற்றுச் சென்றவர் மருத்துவமனை புகுந்து, மார்ச்சு மாதத்தில் இறந்தார். அவர் அளித்தவற்றுள் வாக்னரின் படமும் உண்டு. ஓரமும் முதுகும் பழுதுறாத அட்டைக்கே விலை என்று கூறுவோர், அவர் இத்தனை அட்டைகளுக்குப் பசை தடவிவிட்டாரே என்று இன்றளவும் வருந்துகின்றனர்.