காற்றும் களவாகுமோ?

பஞ்சசீலத்தின் இரண்டாம் சீலத்தை நாம் விகாரையிலும் இல்லத்திலும் வாயால் ஓதி வருகின்றோம். ‘களவு செய்யேன்’ என்று நம்மிற் பலர் அதற்குச் சுருக்கமாகப் பொருள் கொள்வர். பாலி மொழியிலுள்ள சொல்லோ அதனினும் அகலமானது. கொடுக்கப்படாததை எடுத்தலினின்று விலகுதல் என்பதே அதன் நேர்பொருள். பிறன் வீட்டுப் பொருளை ஒருநாளும் தொட்டதில்லை என்று நெஞ்சிற் கைவைத்துக் கூறவல்லவரும், கொடுக்கப்படாத எதனையும் எடுத்ததில்லையோ என வினவப்படுமிடத்துச் சிறிது தயங்கவே செய்வர். யாமும் அங்ஙனம் தயங்க நேர்ந்த ஒரு நிகழ்ச்சியை ஈண்டுக் கூற விழைகின்றோம். அது நிகழ்ந்தது விளையாட்டுக் களத்தில். விளையாட்டுக்கு இவ்விதழில் என்ன வேலை என்று அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டா. சீலம் சோதிக்கப்படும் இடத்தை நாம் தேர்ந்தெடுப்பதில்லை.

டூயத்லான் என்பது முதலில் ஓட்டம், பின்னர் மிதிவண்டி, மீண்டும் ஓட்டம் என மூன்றையும் இடையறாது முடிக்கும் போட்டியாகும். இதன் முதல் உலகப் போட்டி 1990-இல் கலிபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் நகரில் நடந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே சுவிட்சர்லாந்தின் சோஃபிங்கன் என்னும் ஊரில் மேடு பள்ளங்கள் நிறைந்த நெடும்போட்டி ஒன்று தொடங்கியிருந்தது. 10 கிலோமீட்டர் ஓடி, 150 கிலோமீட்டர் மிதிவண்டியிற் சென்று, பின்னரும் 30 கிலோமீட்டர் ஓடுதல் என அது பிற்காலத்தில் வளர்ந்தது. நீச்சலையும் சேர்த்துக்கொண்ட டிரையத்லான் 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இடம்பெற்றுப் புகழ் கொண்டது. எமக்கு நீந்தத் தெரியாது. சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கும் ஊரில், நீலசந்திராவின் சந்துகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பிக்க எந்தக் குளம் இருந்தது? ஆகவே டூயத்லானே எமக்கு உரியதாயிற்று.

ஐம்பத்தோராம் அகவையில் இஃது ஏன் என்று வீட்டார் கேட்டனர். தக்க விடை எம்மிடம் இல்லை. சர்க்கரை நோயின் தொடக்கம் என்று மருத்துவர் கூறியது ஒரு காரணம். ‘நம்மவர்க்கு இது எதற்கு’ என்று யாரோ சொன்ன சொல் மற்றொரு காரணம்; உண்மையைச் சொல்லின் இதுவே பெரிய காரணம். பழைய மிதிவண்டி ஒன்றை விலைக்கு வாங்கினோம். கடைத்தெருவில் தள்ளுவண்டிகள் வருமுன், நாய்களுக்கு மட்டும் அஞ்சி, விடியற்காலை நான்கு மணிக்கு ஆஸ்டின் டவுனைச் சுற்றி ஓடினோம். போட்டி மலைப்பாதையில் என்றனர். நீலசந்திராவில் மலைக்கு எங்கே போவது? மேம்பாலம் ஒன்றே எமது மலை. அதன்மேல் பன்னிரண்டு முறை ஏறி இறங்குவோம். பால்காரர் ஒருவர் எமக்குச் சித்தம் கலங்கிவிட்டதென்றே நம்பினார்.

போட்டி நந்தி மலையடிவாரத்தில், மார்கழிக் குளிரில் நடைபெற்றது. 1,478 மீட்டர் உயரமுள்ள அம்மலையின்மேல் ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும் சாலையைப் பெங்களூர் மிதிவண்டியாளர் அனைவரும் அறிவர். ஐந்து கிலோமீட்டர் ஓடி, பதினான்கு கிலோமீட்டர் வெட்டவெளியில் மிதித்து, மலையேறி இறங்கி, மீண்டும் ஐந்து கிலோமீட்டர் ஓட வேண்டும். சிறிய போட்டிதான், ஆயினும் எமக்கு முதலாவது.

இங்கே ஒரு விதியை விளக்குதல் வேண்டும். சமவெளியில் விரைந்து மிதிப்பவனின் உழைப்பிற் பெரும்பகுதி காற்றைப் பிளப்பதிலேயே கழிகின்றது. வேகம் இருமடங்காயின் அக்காற்றை வெல்ல எண்மடங்கு ஆற்றல் வேண்டும் என்பது இயற்பியல் கணக்கு. முன்னே செல்பவன் சக்கரத்தை ஒட்டிப் பின்னே செல்வோனுக்கோ அவ்வுழைப்பு நாலில் ஒரு பங்கும் அதற்கு மேலும் குறைந்துவிடும். முன்னவன் உடலே அவனுக்குச் சுவராகின்றது. இதனை டிராஃப்டிங் என்பர். பிரான்சு நாட்டின் டூர் டி பிரான்சு போட்டியில் இது குற்றமன்று. மாறி மாறி முன்னே சென்று காற்றை ஏற்பதே அங்குப் பண்பாடு. டிரையத்லானிலும் தேர்ந்த வீரர்க்கு 1995 முதல் இது அனுமதிக்கப்பட்டது. எம்போன்ற பொதுப் போட்டியாளர்க்கோ தடை. ஒவ்வொருவனும் தன் காற்றைத் தானே பிளக்க வேண்டும் என்பது விதி. முன்னவனுக்குப் பின்னே பன்னிரண்டு மீட்டர் விலகிச் செல்க, அல்லது விரைந்து முந்துக என்று தொடக்கத்திலேயே ஒலிபெருக்கியில் கூறினர். யாமும் கேட்டோம்.

முதல் ஓட்டத்தில் உற்சாகத்தால் அளவுக்கு மீறி விரைந்துவிட்டோம். மிதிவண்டியில் ஏறியபோது தொடைகள் கல்லாயிருந்தன. எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. அப்பொழுது நீலச்சட்டை அணிந்த, எம்மினும் மூத்த ஒருவர் எம்மைக் கடந்து சென்றார். அவர் பின்னே விலகவேண்டிய தொலைவு எமக்குத் தெரியும். ஆயினும் விலகினோமல்லோம். அவர் சக்கரத்துக்கும் எம் சக்கரத்துக்கும் இடையே ஒரு முழத்துக்குச் சற்று மேலாக இருந்திருக்கலாம். காற்று நின்றுவிட்டது. அந்த அமைதியை எவ்வாறு கூறுவோம்! வெயிலில் நடந்தவன் திண்ணையில் அமர்ந்தது போலிருந்தது. ‘இன்னும் சிறிது தொலைவு’ என்று நெஞ்சுக்குச் சொல்லிக்கொண்டே ஐந்து கிலோமீட்டருக்கு மேல் அவ்வாறே சென்றோம். கண்காணிப்பாளரின் மோட்டார் சைக்கிள் அப்பக்கம் வரவில்லை.

மலை வந்தது. ஏற்றத்தில் வேகம் ஓட்டக்காரன் வேகத்துக்குக் குறைந்துவிடும். ஆங்குக் காற்று பொருட்டன்று, எடையே பொருட்டு. எவன் முதுகின் பின்னும் ஒளிய இயலாது. நீலச்சட்டையாரைக் கடந்து ஏறினோம். இறக்கத்தில் அவர் அஞ்சாது பாய்ந்து எம்மைக் கடந்தார். இறுதி ஓட்டத்தில், முடிவுக் கோட்டுக்குச் சிறிது முன்பு, மீண்டும் யாம் அவரை முந்தினோம். பத்தொன்பது நொடி வேறுபாடு. ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரில் எமக்கு மூன்றாமிடம், அவருக்கு நான்காமிடம். எம் கையில் ஒரு சிறு கோப்பை தரப்பட்டது. அவர் எம் தோளைத் தட்டிச் சென்றார்.

நீலசந்திரா திரும்பும் வழியெல்லாம் எம் மனம் வழக்கறிஞர் வேலையை மேற்கொண்டது. யாம் எடுத்தது என்ன? காற்றின்மை. அதனை எடுத்ததனால் அவர்க்கு நேர்ந்த இழப்பு என்ன? ஒன்றுமில்லை, பின்னே மிக ஒட்டி ஒருவன் வருவதால் முன்னவனுக்கும் காற்றின் இழுப்பு சிறிது குறையும் என்றே காற்றியக்க ஆய்வாளர் கணித்துள்ளனர்! பௌத்த உரையாசிரியர்களும் எம் பக்கம் நிற்பதாகவே தோன்றிற்று. களவு முழுமையாவதற்கு அவர்கள் ஐந்து உறுப்புகள் கூறுவர்: பொருள் பிறர்க்கு உரியதாதல், அஃது உரியதென அறிதல், கவரும் எண்ணம், முயற்சி, அம்முயற்சியாற் கவர்தல். ஒருவர் முதுகின் பின்னுள்ள வெற்றிடம் எவர்க்கு உரியது? முதல் உறுப்பே இல்லையாயின் களவு எங்ஙனம் ஆகும்? வேண்டுமாயின் விதியை மீறினோம் என்க. விதிக்குற்றம் வேறு, உலகக் குற்றம் வேறு என்று பிரித்துணர்வதும் நம் மரபே. நண்பகலுக்குப் பின் உண்ணுதல் பிக்குவுக்குக் குற்றம், இல்லறத்தானுக்கு அன்று. டூர் டி பிரான்சில் குற்றமல்லாதது நந்தி மலையடியில் மட்டும் பாவமாகுமோ?

இவ்வளவு நூலறிவோடு வாதாடியும் அக்கோப்பையைக் கூடத்து மேசைமீது வைக்க எமக்குக் கை வரவில்லை. அலமாரிக்குள் வைத்தோம்.

அப்பொழுதுதான் சம்யுத்த நிகாயத்திலுள்ள ஒரு சிறு சுத்தம் நினைவுக்கு வந்தது. கோசல நாட்டுக் காட்டில் வாழ்ந்த பிக்கு ஒருவர் குளத்தில் இறங்கித் தாமரை மலரை முகர்ந்தார். அங்கு வாழ்ந்த தேவதை அவரை மணத்திருடன் என்று கடிந்தது. பறிக்கவில்லை, ஒடிக்கவில்லை, எட்ட நின்று முகர்ந்தேன். கிழங்கைத் தோண்டுவோரையும் மலரைப் பறிப்போரையும் விட்டு என்னையோ திருடன் என்பது என்று பிக்கு கேட்டார். அழுக்கில் மூழ்கியவரிடம் தனக்குப் பேச்சில்லை என்றும், தூய்மையை நாடுவோனுக்கே மயிர்நுனியளவு குற்றமும் முகிலளவாய்த் தோன்றும் என்னும் கருத்துப்படவும் தேவதை விடையிறுத்தது. மணத்துக்கும் உரிமையாளர் இல்லை. முகர்ந்ததால் தாமரை குறையவுமில்லை. எம் வழக்குரை முழுவதையும் அப்பிக்கு அன்றே கூறிவிட்டிருந்தார். தேவதை அதனை ஏற்கவில்லை. அதனினும் எம்மைத் தைத்தது கதையின் முடிவு. இனியும் இவ்வாறு காணின் எச்சரிக்க என்று பிக்கு வேண்ட, யாம் உமது கூலியாளல்லேம், உமது நல்வழியை நீரே அறிக என்பதுபோலத் தேவதை சொல்லிற்று. மோட்டார் சைக்கிள் கண்காணிப்பாளரை நினைத்துக்கொண்டோம்.

பௌர்ணமிக் கூட்டத்தில் இதனை எடுத்துரைத்தோம். இளைஞர் சிலர் நகைத்தனர். இலட்சக்கணக்கில் விலைபோகும் மிதிவண்டியோடு வருவோனும் பழைய வண்டியோடு வருவோனும் ஒரே கோட்டில் நிற்பதே பெரிய அநீதி, இதனையோ பேசுவது என்றனர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. யாம் அதனை மறுக்கவில்லை. எனினும் நீலச்சட்டையாரின் வண்டி எம்முடையதினும் பழையது.

மாரிகுப்பத்திலிருந்து வந்து குடியேறிய பெரியவர் ஒருவர் இறுதிவரை வாய்திறவாமல் இருந்தார். 2001-இல் மூடப்படும் வரை கோலார் தங்கவயலின் சுரங்கத்துள் இறங்கியவர். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் சென்ற சுரங்கம் அது. “உள்ளே நாங்கள் இழுத்த மூச்செல்லாம் மேலேயிருந்து எவனோ ஒருவன் அனுப்பியது. எங்களுக்கென்றே அனுப்பினான், நாங்களும் அவனுக்கு மறைக்காமல் இழுத்தோம். தம்பி, அந்த மனிதரிடம் இதைச் சொன்னாயா?” என்றார்.

சொல்லவில்லை. போட்டி நடத்துவோர்க்கு முதலில் எழுதினோம். முடிவுகள் உறுதிசெய்யப்பட்டுவிட்டன, இனி மாற்றவியலாது என்று அன்போடு விடை வந்தது. எம் கடிதத்தை அவரிடம் சேர்ப்பிக்கவும் இசைந்தனர். ஒரு வாரத்தில் அவரே தொலைபேசியில் அழைத்தார். பேருந்து நடத்துநராயிருந்து ஓய்வுபெற்றவர், கன்னடத்தில் பேசினார்.

“நீங்கள் பின்னே இருந்தது எனக்குத் தெரியும்,” என்றார். எவ்வாறு என்று கேட்டோம். மிதிப்பதை நிறுத்திச் சக்கரத்தைத் தானே உருளவிடும்போது எழும் கடகடவென்னும் ஒலியைக் கேட்டாராம். “நான் மூச்சுவாங்க மிதிக்கிறேன்; பின்னே ஒருவர் மிதிக்காமலே வருகிறார். யாரோ பெரிய வல்லவர், என்னோடு விளையாடுகிறார் என்று நினைத்தேன். தோற்றுவிடக் கூடாதென்று என் அளவுக்கு மேல் மிதித்தேன். மலைக்கு வந்தபோது காலில் ஒன்றும் மிச்சமில்லை. எனக்கும் அதுதான் முதல் போட்டி.”

அவர்க்கு இழப்பொன்றுமில்லை என்ற எமது கணக்கு அவ்விடத்தில் முறிந்தது. காற்றியக்க நூலார் முன்னவனின் உடலைச் சுற்றி வீசுவதை அளந்தனர். அவன் காதில் விழுந்ததை அளந்திலர். யாம் எடுத்தது வெற்றிடத்தை மட்டுமன்று. தன்னந்தனியே தன் ஆற்றல் எவ்வளவு என்று அறிய வந்த ஒருவரிடமிருந்து அவ்வறிவை எடுத்துக்கொண்டோம். எம்மிடமிருந்தும் அதே அறிவைத்தான் எடுத்தோம். யாம் உண்மையில் எத்தனையாவது என்பது இனி எவர்க்கும் தெரியாது. வேறு போட்டியில் வேறு விதி இருக்கலாம். அங்கே முன்னே செல்வோன் பின்னே ஒருவன் இருப்பான் என்று அறிந்தே புறப்படுகின்றான். தன் முறை முடிந்ததும் அவனும் பின்னே சென்று ஒதுங்குவான். எல்லாரும் அறியக் கொடுப்பதும் கொள்ளுவதுமாக நடப்பது அது. இங்கே அவர் கொடுக்கவில்லை. விதியைக் குறித்து இத்தனை நாள் வாதாடிய எமக்கு இச்சிறு சொல் தோன்றவில்லை. ‘கொடுக்கப்படாதது’ என்று நாள்தோறும் ஓதிய வாய்தான்.

கோப்பையை அனுப்பிவைக்கின்றோம் என்றோம். வேண்டா என்றார். “நான்காவதாக வந்தவன் மூன்றாவது கோப்பையை வைத்து என்ன செய்வது?” என்று சிரித்தார். வற்புறுத்தினோம், ஏற்கவில்லை. ஞாயிறன்று யெலகங்காவில் வந்து சேர்ந்துகொள்ளுங்கள், நந்திக்குப் போவோம் என்று மட்டும் சொன்னார்.

தை மாதத்து ஞாயிறொன்றில் சென்றோம். பல்லாரிச் சாலையில், தேவனஹள்ளிக்கு இப்பால், எதிர்க்காற்று கடுமையாக இருந்தது. இருவர் மட்டுமே, போட்டி இல்லை, விதியும் இல்லை. அவர் முன்னே சென்றார். யாம் பழைய அச்சத்தால் வெகு தொலைவு பின்தங்கினோம். அவர் திரும்பிப் பார்த்து, நெருங்கி வருமாறு கையசைத்தார். நெருங்கினோம். சிறிது நேரம் காற்றில்லாமல் சென்றோம். பின்னர் அவர் தம் முழங்கையை ஒருமுறை வெளியே அசைத்தார். முன்னே வந்து காற்றை ஏற்றுக்கொள் என்று மிதிவண்டியாளர் காட்டும் குறி அது. யாம் விலகி, மிதித்து, முன்னே சென்றோம்.