"நான் செய்தேன்" என்று எப்போது சொல்லலாம்?

விற்பனை வேலைக்கான நேர்முகத் தேர்வில் இப்போதெல்லாம் படிப்பையும் ஊரையும் கேட்டு நேரத்தைப் போக்குவதில்லை. "கைவிட்டுப்போன ஒரு கடையை நீங்கள் திரும்பப் பிடித்த சம்பவம் ஒன்று சொல்லுங்கள்" என்கிறார்கள். நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் செய்தது என்ன, முடிவு என்ன என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். "நாங்க எல்லாரும் சேர்ந்து..." என்று பையன் ஆரம்பித்தால் உடனே நிறுத்துவார்கள். "டீமை விடுங்க தம்பி. நீங்க என்ன செஞ்சீங்க?"

மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் ஏரியா சேல்ஸ் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது தெரிந்தவர் வீட்டுப் பிள்ளைகளை இந்தத் தேர்வுக்குத் தயார்செய்கிறேன். அதில் நான் கண்டது, நல்ல பிள்ளைகள்தான் இந்தக் கேள்வியில் தடுமாறுகிறார்கள். அடுத்தவன் உழைப்பைத் தன் கணக்கில் எழுதப் பழகியவனுக்கு ஒரு சிரமமும் இல்லை, மடமடவென்று சொல்லிவிடுகிறான். "நான்" என்று சொல்ல நா கூசுகிறவன் வாய்ப்பை இழக்கிறான். அந்தக் கூச்சம் அவனுடைய குறையா, குணமா? வேலை தேடும் பிள்ளைக்கு இது வயிற்றுப்பாட்டுக் கேள்வி. எனக்கு இது தர்மத்தைப் பற்றிய கேள்வியும்கூட.

கூச்சத்துக்குப் பின்னால் நீண்ட மரபு இருக்கிறது. மகாபாரதத்தில் கர்ண பர்வத்தில் ஒரு இடம். காண்டீவத்தைப் பிறருக்குக் கொடு என்று சொல்பவரைக் கொல்வேன் என்பது அர்ச்சுனனின் சபதம். போர் நடுவே தருமரே அப்படிச் சொல்லிவிடுகிறார். அண்ணனைக் கொல்லாமல் சபதத்தைக் காப்பாற்றக் கிருஷ்ணன் வழி சொல்கிறான்: பெரியவரை அவமதித்துப் பேசு, அதுவே அவரைக் கொன்றதற்குச் சமம். பேசி முடித்த அர்ச்சுனன், அண்ணனைப் பழித்த பாவத்துக்காகத் தன்னையே மாய்த்துக்கொள்ளத் துணிகிறான். அதற்கும் கிருஷ்ணன் வழி வைத்திருக்கிறான்: உன் பெருமையை நீயே உன் வாயால் சொல், அதுவே தற்கொலை. தற்புகழ்ச்சியைப் பற்றி இதைவிடக் கடுமையாக யாரும் சொல்லிவிட முடியாது.

கீதையின் 18ஆம் அத்தியாயமும் இந்தப் பிள்ளைகளின் பக்கம்தான் நிற்பதுபோலத் தெரியும். சாத்விகமாகச் செயல்படுகிறவனின் இலக்கணத்தை 26ஆம் சுலோகம் சொல்கிறது. பற்றில்லாதவன், "நான்" என்று பேசாதவன், உறுதியும் ஊக்கமும் உள்ளவன், வெற்றி தோல்வியில் மாறாதவன். எந்த சேல்ஸ் மேனேஜரும் தேடி அலைகிற ஆள் இவன். ஆனால் இப்படிப்பட்டவன் நேர்முகத் தேர்வுக்கு வந்தால் என்ன செய்வான்? நீங்க என்ன செஞ்சீங்க என்று கேட்டால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பானா?

அத்தியாயத்தில் கொஞ்சம் முன்னே போனால், எந்தச் செயலும் நிறைவேற ஐந்து காரணங்கள் என்று கணக்குச் சொல்லப்படுகிறது: செயலுக்கு இடமாக நிற்பது, செய்பவன், கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். உரைகாரர்கள் இதை விரிக்கும்போது வேறுபடுகிறார்கள். ஐந்தாவது என்பது புலன்களுக்குத் துணைநிற்கும் தேவதைகள் என்கிறார் சங்கரர். உள்ளே நின்று இயக்கும் பரமாத்மா என்கிறார் இராமானுசர். எப்படிப் பார்த்தாலும், தான் ஒருவனே செய்தேன் என்று நினைப்பவன் சரியாகப் பார்க்காதவன் என்பதே அங்கே முடிவு. கவனியுங்கள், செய்பவனுக்கும் அந்தப் பட்டியலில் ஓர் இடம் இருக்கிறது. ஐந்தில் ஒன்று அவன். அந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டாலும் கணக்கு தப்புதான்.

இதை ஒரு பையனிடம்தான் நேரில் பார்த்தேன். நண்பரின் தங்கை மகன். போடிநாயக்கனூர் லைனில் ஒரு பிஸ்கட் கம்பெனியின் ஸ்டாக்கிஸ்டிடம் சேல்ஸ் ரெப்பாக இருந்தான். கோயம்புத்தூரில் டெரிட்டரி சேல்ஸ் ஆபீசர் வேலைக்கு அழைப்பு வந்திருந்தது. கைவிட்டுப்போன கடையைப் பற்றிக் கேட்டேன். "அது தானா நடந்துச்சு மாமா. நான் பெருசா ஒண்ணும் பண்ணல" என்றான்.

"தானா எப்படிப்பா நடக்கும்? முதல்ல இருந்து சொல்லு."

மெல்ல மெல்ல வந்தது. போடியில் ஒரு மொத்த மளிகைக் கடை இவர்களிடம் சரக்கு எடுப்பதையே நிறுத்தியிருந்தது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. வண்டியில் சரக்கு இறக்கப் போகும் லோடுமேன்தான் இவனிடம் சொல்லியிருக்கிறார்: பழைய ரெப், காலாவதியான பெட்டிகளுக்கு கிளைம் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டான், கடைக்கார அண்ணாச்சிக்கு அந்தக் கோபம். இவன் ஒவ்வொரு வியாழக்கிழமையும் கடைகளைச் சுற்றிவரும்போது அந்தக் கடையில் வண்டியை நிறுத்தினான். ஆர்டர் கேட்கவில்லை. ஒரு நாள் அண்ணாச்சியே, "என்னதான்டா வேணும் உனக்கு?" என்று கேட்க, "அந்தப் பழைய பெட்டியைக் கொஞ்சம் காட்டுங்க அண்ணாச்சி" என்றிருக்கிறான். பரண் மேல் இருந்தது. இறக்கி, தூசி தட்டி, பேட்ச் எண் தெரியும்படி ஒவ்வொன்றாகப் படம் எடுத்து மேனேஜருக்கு அனுப்பினான். கிரெடிட் நோட் வந்தது. பொங்கலுக்கு முந்தைய வாரம் அண்ணாச்சி இரண்டு பெட்டி எடுத்தார். அந்த வாரம் போட்டிக் கம்பெனியின் சரக்கு போடிக்கு வந்து சேரவில்லை என்பதும் உண்மை.

இப்போது அந்த ஐந்தையும் இதில் வைத்துப் பாருங்கள். போடிக் கடைத்தெரு, பொங்கல் வியாபாரம். கேமரா உள்ள போன், கம்பெனியின் கிளைம் விதி. லோடுமேன் சொன்ன தகவல், மேனேஜரின் ஒப்புதல். வராமல் போன போட்டிச் சரக்கு, அதை நான் தெய்வம் என்றே சொல்வேன். இத்தனைக்கும் நடுவில், ஆர்டர் கேட்காமல் வியாழன்தோறும் போய் நின்றதும், பரணில் இருந்ததைக் காட்டச் சொன்னதும் இந்தப் பையன். அதை வேறு யாரும் செய்யவில்லை. அதை "நான் செய்தேன்" என்று சொல்வது தற்புகழ்ச்சி ஆகாது, சாட்சி சொல்வது.

தேர்வு முறையும் அந்தச் சாட்சியைத்தான் கேட்கிறது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் பணியில் இருந்த உளவியலாளர் ஜான் ஃபிளனகன், குறிப்பிட்ட சம்பவங்களைச் சொல்லவைத்து வேலைத்திறனை ஆராயும் முறையை 1954இல் எழுதி வெளியிட்டார். ஹார்வர்டின் டேவிட் மெக்லெலண்ட் 1973இல், அறிவுக்கூர்மைத் தேர்வை விட்டுவிட்டுத் திறனைச் சோதியுங்கள் என்று வாதிட்டார். இப்போதைய கேள்விகள் அந்த வழியில் வந்தவை. "நான் கடின உழைப்பாளி" என்ற பேச்சு அங்கே செல்லாது. எந்தக் கடை, எந்தக் கிழமை, என்ன பேசினாய் என்பதற்குத்தான் மதிப்பெண்.

நம் பக்கத்திலும் இதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். தன்னைத் தானே புகழ்வது தகாது என்று சொன்ன நன்னூல், உடனே நான்கு விலக்குகளையும் தருகிறது. அவற்றில் ஒன்று, தன் ஆற்றலை அறியாதவர்களிடம் பேசும்போது. நேர்முகத் தேர்வு வேறு என்ன? வால்மீகி இராமாயணத்தில் கடற்கரையில் வானரர்கள் கூடி, யாரால் எவ்வளவு தூரம் தாவ முடியும் என்று ஒவ்வொருவராகச் சொல்லும் காட்சியும் அப்படித்தான். ஒருவன் பத்து யோசனை, அடுத்தவன் இருபது என்று போகிறது. வயதான ஜாம்பவான் தொண்ணூறு என்கிறார். நூறும் தாவுவேன், திரும்பி வருவேனா என்பது சந்தேகம் என்கிறான் அங்கதன். அவன் இளவரசன், படைக்குத் தலைவன், சபை நடுவே தன் எல்லையைச் சொல்கிறான். அங்கே யாரும் பெருமை பேசவில்லை. வேலை நடக்க வேண்டும், அதற்கு அளவு தெரிய வேண்டும்.

பிள்ளைகளுக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றுதான். "நீ தோற்ற ஒரு சம்பவம் சொல்லு" என்பேன். வெற்றியில் "நான், நான்" என்றவர்கள் இங்கே வந்ததும் "நாங்க", "மார்க்கெட்", "ஸ்கீம் சரியில்ல" என்று மாறிவிடுகிறார்கள். கீதை விலக்கச் சொல்வது இந்த "நானை"த்தான் என்று நம்புகிறேன். பலனை எடுத்துக்கொள்ள மட்டும் முன்னே வருவது அகங்காரம். பொறுப்பை ஏற்கவும் அதே குரலில் முன்னே வருமானால் அது கடமை. "நான்" என்று பேசாதவன் என்று சொன்ன அதே சுலோகம், வெற்றி தோல்வியில் மாறாதவன் என்றும் சேர்த்துச் சொல்வது இதனால்தான் என்பது என் புரிதல்.

அந்தப் பையனுக்கு இன்னொரு சஞ்சலமும் இருந்தது. அவன் டார்கெட்டில் ஒரு மாதம் 115 சதவீதம் காட்டியிருந்தான். அதில் ஒரு பகுதி, மாதக் கடைசியில் மேலிடத்து நெருக்கடியால் ஸ்டாக்கிஸ்ட் குடோனில் இறக்கிய சரக்கு. கடைக்குப் போய்ச் சேரவில்லை. "பிரைமரி நம்பரையே சொல்லிரட்டுமா மாமா? பேப்பர்ல அதானே இருக்கு?" என்றான். ஸ்டாக்கிஸ்டுக்குப் போனது பிரைமரி, அங்கிருந்து கடைக்குப் போனது செகண்டரி. செகண்டரியை மட்டும் சொல்லச் சொன்னேன். குடோனில் தூங்குகிற சரக்கை விற்றதாகச் சொன்னால், அந்த "நான் விற்றேன்" பொய். ஸ்டாக்கிஸ்டின் பணம் முடங்கிக் கிடப்பதன் மேல் ஏறி நின்று சம்பளம் கேட்பதாகும்.

தேர்வாளர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், நானும் அந்த நாற்காலியில் இருந்தவன் என்ற உரிமையில். எதிரே இருக்கிற பையன், "லோடுமேன் அண்ணன்தான் எனக்குக் காரணத்தைச் சொன்னார்" என்று ஆரம்பித்தால் அவனை இடைமறிக்காதீர்கள். தலைமைப் பண்பு இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். "சரி தம்பி, அதுக்கப்புறம் நீங்க என்ன செஞ்சீங்க?" என்று பொறுமையாக அடுத்த கேள்வியைக் கேளுங்கள். அவன் பதில் வைத்திருப்பான்.