ஒரு நரம்புக்காக இன்னொரு நரம்பு



வலப்பனை, இராகலைப் பக்கத்துத் தோட்டங்களில் கவ்வாத்து வேலை எப்படி நடக்கும் என்பதை அறிவீர்கள். இடக்கை செடியைப் பிடிக்க, வலக்கைக் கத்தி ஒரே வீச்சில் இறங்கும். அந்தக் கத்தி சறுக்கி ஒருவரின் இடது மணிக்கட்டில் பாய்ந்தது என்று வைத்துக்கொள்வோம். தையல் போட்டாயிற்று, புண்ணும் ஆறிற்று. ஆனால் பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் மரத்துக் கிடக்கின்றன. தோல் மூடிவிட்டது, உள்ளே நரம்பு அறுந்தபடியே இருக்கிறது.

நரம்பு என்றால் இரத்தம் ஓடும் நாளம் அல்ல. மூளைக்கும் கைக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் இழைகளின் கட்டு அது. அதன் அருமையை உலகுக்கு உணர்த்தியவர்களுள் ஒருவர் டொக்டர் போல் பிராண்ட். 1914ல் கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவர். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. உணர்வு செத்த கை, சுடுவதும் வெட்டுவதும் தெரியாமல் தன்னையே காயப்படுத்திக்கொள்கிறது என்று அவர் எடுத்துக் காட்டினார். நாம் சபிக்கும் வலி உண்மையில் நம் காவலாள்!

அறுந்த நரம்பின் இரு முனைகளும் எட்டினால் வைத்தியர் சேர்த்துத் தைப்பார். நடுவே இடைவெளி விழுந்துவிட்டால்? அதே நோயாளியின் கெண்டைக்காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்துக் கையில் ஒட்டுவார். அதனால் பாதத்தின் வெளிப்புற ஓரம் மரத்துப்போகும். கைக்காகக் கால் ஒன்றை இழக்கிறது. நலமாயிருக்கும் நரம்பை வெட்டுவது முறைதானா?

1952 செப்டம்பரில் நரம்பு மண்டல ஆய்வாளர்களின் மகாநாட்டுக்கு வந்தவர்களிடம் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் இத்தகைய கேள்விகளைப் பற்றியே பேசினார். உறுப்பு முழு உடலுக்காக இருக்கிறது; ஆகையால் முழு உடலின் நன்மைக்கு அவசியமானால் உறுப்பொன்றை இழக்கலாம் என்பது அவர் போதனை. ஆனால் உடலுக்கு உறுப்பு எப்படியோ, அப்படிச் சமுதாயத்துக்கு மனிதன் உறுப்பல்ல என்றும் அவர் விளக்கினார். பலருடைய நன்மைக்கென்று ஒருவனைச் செலவழித்துவிட எவருக்கும் உரிமை இல்லை.

காலின் இழப்பையும் தவிர்க்க முடியுமா என்று இன்று இழையப் பொறியியல் முயல்கிறது. கொலாஜன் என்னும் புரதத்தாலான மெல்லிய குழாயை இரு முனைகளுக்கும் நடுவே பொருத்துகிறார்கள். அதனூடே நரம்பிழை வளர்ந்து மறுமுனை தேடிச் செல்கிறது. இறந்தவர் தானமாகத் தந்த நரம்பின் கலங்களை நீக்கி, அதன் வெறுங்கூட்டையும் பாலமாக்குகிறார்கள். நரம்பிழையைப் பேணும் சுவான் கலங்களைக் குழாயினுள் வளர்க்கும் ஆராய்ச்சியும் நடக்கிறது. எனினும் வெறுங்குழாய் உதவுவது பெரும்பாலும் மூன்று சென்ரிமீற்றருக்கு உட்பட்ட இடைவெளிகளுக்கே. நீண்ட இடைவெளிக்கு இன்றும் கால் நரம்பே கைகொடுக்கிறது.

எந்த வழியானாலும் நரம்பு அவசரப்படாது. நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான் அது வளரும். மணிக்கட்டிலிருந்து விரல்நுனிக்குப் போய்ச் சேர ஆறு மாதமாவது வேண்டும். வளர்ந்து சேர்ந்தாலும் பழைய உணர்வு முழுவதும் திரும்பும் என்ற உறுதி இல்லை.

இங்கேதான் வாசகரே, கேள்வி வைத்தியரை விட்டு நம்மிடம் வருகிறது. வேலைக்குப் போனால்தான் பேர். பேர் விழுந்தால்தான் சம்பளம். இப்படி வாழும் குடும்பம் ஆறு மாதம் எப்படிப் பொறுக்கும்? அடுப்பெரிய வேண்டுமே என்று அவர் மரத்த கையோடு மீண்டும் கத்தியைத் தூக்குவார். வலி என்ற காவலாள் இல்லாத அந்தக் கை அடுத்த வெட்டையும் அறியாது. நாடு தேயிலையால் பிழைக்கிறது, அவர் கை போனால் என்ன என்று எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் தோட்ட நிர்வாகமும் தொழிற்சங்கமும் பக்கத்து லயத்தாரும் பார்த்துக்கொண்டே இருந்தால், அதையே நாம் செய்கையால் சொல்லிவிடுகிறோம் அல்லவா?

ஆகவே இரண்டு காரியம் செய்வோம். கையில் வெட்டுப்பட்டால், காயம் சிறிதென்று மஞ்சளை வைத்துக் கட்டிவிடாமல், விரல்நுனியைத் தொட்டுப் பார்ப்போம். உணர்வு இல்லையென்றால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் வைத்தியரிடம் அதைச் சொல்வோம். தாமதித்தால், நரம்பு போய்ச் சேருமுன் தசை சூம்பிவிடும். அடுத்தது, அந்தக் கை ஆறும்வரை அவ்வீட்டு அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்வோம். கைக்காகத் தன் நரம்பைக் கொடுத்தது கால். அயலவருக்காக நாம் எதைக் கொடுக்கப்போகிறோம்?