முதல் ஆயிரம் கிலோமீட்டர்

திருவண்ணாமலையில் புதுக் கார் எடுத்தவர் முதலில் வண்டியைக் கொண்டுபோவது ராஜகோபுரம் தெரிகிற இடமாகப் பார்த்துத்தான். பானெட்டில் மாலை, கண்ணாடியில் சந்தனம் குங்குமம், நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பழம் நசுங்கியதும் குடும்பம் ஏறிக்கொள்ளும். அடுத்தது கிரிவலம். பௌர்ணமியன்று அந்தப் பாதையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால் சாதாரண நாளில் வருவார்கள். இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு இடத்திலும் நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் ஒருவர் உட்கார்ந்திருக்க மற்றவர்கள் இறங்கிக் கும்பிட்டு, 14 கிலோமீட்டரையும் முதல் இரண்டு கியரிலேயே முடித்துவிடுவார்கள். பக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்ஜினைக் கேட்டால்தான் வேறு சொல்லும்.

“புது வண்டி, மெதுவா ஓட்டு” என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். பாதி சரி. மீதிப் பாதியைப் பார்க்க லேத் பட்டறைக்குப் போக வேண்டும். போர் போட்டு முடித்த சிலிண்டரை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உள்சுவர் வழவழவென்று இருக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். சுவர் முழுக்க மெல்லிய கீறல்கள், இடமும் வலமுமாகச் சாய்ந்து ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, வந்தவாசிக் கோரைப்பாயின் பின்னலைப் போல இருக்கும். ஹோனிங் கல்லைச் சுழற்றிக்கொண்டே மேலும் கீழும் இழுத்துப் போட்டவை. நகத்தை வைத்து இழுத்தால் லேசாக நறநறக்கும். இவ்வளவு நுட்பமாகக் கடைந்த சுவரைக் கடைசியில் வேண்டுமென்றே கீறி வைக்கிறார்கள்.

கீறலின் பள்ளத்தில் ஆயில் தங்கும். மேட்டை ரிங் தேய்க்கும். மேடும் ரிங்கைத் தேய்க்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் விட்டுக்கொடுத்து முடித்த பிறகுதான் வாயு கீழே கசியாத அடைப்பு உண்டாகிறது. மெக்கானிக் பாஷையில் ‘ரிங் செட் ஆகிறது’. இதற்கு ரிங்கின் சொந்த வில்விசை மட்டும் போதாது. எரிந்த வாயு ரிங்குக்குப் பின்னால் உள்ள காடிக்குள் புகுந்து அதைச் சுவரோடு சேர்த்து அழுத்த வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல், சுமையே கொடுக்காமல் உருட்டினால் அந்த அழுத்தம் வராது. தேய வேண்டிய மேடு தேயாமல் நிற்க, சுவரில் தங்கிய ஆயில் வெந்து பளபளவென்று பூச்சாகப் படிந்துவிடும். பிறகு எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் ரிங் செட் ஆகாது. வண்டி ஆயில் குடிக்கும், புகை தள்ளும், மறுபடி ஹோனிங்தான்.

அதற்காக எடுத்த அன்றைக்கே பெங்களூர் சாலையில் விரட்டினால், மேடுகள் சூடேறி உலோகம் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். சுசூகி கையேடு முதல் 960 கிலோமீட்டருக்கு (அதாவது 600 மைலுக்கு) ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்காதே என்கிறது. கூடவே, ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாதே என்றும் சொல்கிறது. முதலாவது எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதை யாரும் படிப்பதில்லை. போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஒருமுறை மலையேறி இறங்குவது, கிரிவலப் பாதையில் பத்துமுறை ஊர்வதைவிடப் புது இன்ஜினுக்கு நல்லது. கடன் வாங்கி டாக்சி எடுத்தவர்கள் இதைப் படிக்காமலே செய்துவிடுகிறார்கள். பூஜை போட்ட மறுநாளே ஏழு பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பினால்தான் தவணை கட்ட முடியும். அந்த இன்ஜின்கள் பிரிக்காமலே லட்சங்களில் கிலோமீட்டர் ஓடுகின்றன. கூண்டுக்குள் உறை போர்த்தி வைத்த கார் புகைகிறது. இப்போதெல்லாம் மேடுகளைத் தொழிற்சாலையிலேயே பெருமளவு சீவி அனுப்புகிறார்கள், பழைய அம்பாசடர் காலத்துக் கெடுபிடி தேவையில்லை. ஆனாலும் மிச்சம் கொஞ்சம் நம்மிடம்தான் விடப்படுகிறது.

இந்த ஊருக்கு இது புதிய சங்கதியே அல்ல. 2024-ல் அருணாசலேஸ்வரர் கோயிலின் பெரிய தேரைச் சீர்செய்து, தீபத் திருவிழாவுக்கு முன்பு வெள்ளோட்டம் விட்டார்கள். சாமியை ஏற்றாமல், ஆனால் தேரின் முழுப் பாரத்தோடும், திருவிழா அன்று ஓட வேண்டிய அதே மாட வீதிகளில். தேர் தானாகப் பொருந்திக்கொள்ளட்டும் என்று கொட்டகையில் நிறுத்திவைத்தால் நடக்குமா? அச்சும் சக்கரமும் வீதியில்தான் ஒன்றையொன்று அறிந்துகொள்கின்றன. பட்டறையில் அளவெடுத்துச் செய்தாலும், பொருத்தம் உரசித்தான் வருகிறது. சம்பந்தம் பேசுகிற வீடுகளிலும், புதிதாகக் கூட்டுச் சேர்கிற கடைகளிலும் உரசலே கூடாது என்று பயப்படுகிறோம். உரசலைத் தவிர்த்துத் தவிர்த்து மேலே பளபளப்பு மட்டும் படிந்து, உள்ளே கடைசிவரை பொருந்தாமலே போன உறவுகள் எல்லோருக்கும் தெரியும்.

இதை இத்தோடு நிறுத்தினால் பொய்யாகிவிடும். வெறும் உரசல் இன்ஜினைக் கொல்லும். நடுவில் ஒன்று நிற்க வேண்டும்.

அங்கேதான் ஆயில் வருகிறது. ஆயில் என்றதும் விவாதமும் வருகிறது. 0டபிள்யூ-20 ஆயிலை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, தண்ணி மாதிரி இருக்கு? நம்ம வெயிலுக்கு இது தாங்காது, இருபது-ஐம்பது ஊத்திக்கோ” என்பார் மெக்கானிக் அண்ணன். மே மாதத்து 40 டிகிரியை வைத்துப் பேசுகிறார். ஆனால் அந்தக் கடைசி எண் 100 டிகிரியில் அளந்தது. ஓடுகிற இன்ஜினின் சூட்டைத் தெர்மோஸ்டாட் பிடித்து வைத்திருக்கிறது. வெளியே சித்திரை வெயிலா மார்கழிப் பனியா என்பதில் உள்ளே அவர் நினைக்கிற அளவு வித்தியாசம் இல்லை. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே விடுகிற இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு. எந்த ஆயிலை நினைத்து அதை விட்டார்களோ அதுதான் அங்கே நேரத்துக்குப் போய்ச் சேரும். தேய்மானத்தில் கணிசமான பங்கு காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்புகிறபோது நடக்கிறது. தடித்த ஆயில் அப்போது வழியில் இருக்கும். கையேடு இரண்டு எண்களை அனுமதித்தால் நம் ஊருக்குப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். அனுமதிக்காவிட்டால் பேச்சு அவ்வளவுதான். டப்பாவில் எழுதியிருக்கிற ஏபிஐ தரம் சரியாக இருந்தால் கம்பெனிப் பெயர் பெரிய விஷயமில்லை. புது வண்டிக்கு சிந்தெடிக் ஆகாது, ரிங் செட் ஆகாது என்பதும் பழைய பேச்சு. பல கார்கள் தொழிற்சாலையிலேயே அதை ஊற்றிக்கொண்டுதான் வருகின்றன.

அந்த ஆயிலுக்குள் துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த மருந்து ஒன்று உண்டு. உலோகத்தை உலோகம் தொட்டுவிடுகிற இடத்தில் அது சிதைந்து படலமாகப் படிகிறது. உலோகத்துக்குப் பதில் தான் தேய்கிறது. இன்னொரு மருந்து கரியையும் பிசுக்கையும் எங்கும் படியவிடாமல் தனக்குள் பிடித்து வைக்கிறது. டீசல் வண்டியில் மாற்றிய சில நாளிலேயே ஆயில் கறுத்துவிட்டது என்று டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்துப் பதறுகிறவர்கள், அது வேலை செய்துகொண்டிருப்பதைத்தான் பார்க்கிறார்கள். கறுப்பு இன்ஜினில் படியாமல் ஆயிலில் நிற்கிறது.

இரண்டு பேர் உரசிப் பொருந்துகிற இடத்தில் எல்லாம் நடுவில் ஒருவர் நின்று கறுத்திருப்பார். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே நாத்தனார், முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே மேஸ்திரி, தேர் திரும்பும்போது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர். பொருத்தம் வந்த பிறகு, முதலில் வடித்து ஊற்றப்படுவதும் அவர்தான்.

இந்த ஊர் ஒரு கறுப்பை மதிக்கத் தெரிந்த ஊர். தீபத் திருவிழாவில் 2,668 அடி மலையுச்சியில் 11 நாள் நெய் எரிந்த கொப்பரையில் மிஞ்சுகிற மையை, ஆருத்ரா தரிசனத்தன்று நடராஜருக்குச் சாத்திவிட்டுப் பக்தர்களுக்குக் கொடுக்கிறார்கள், நெற்றியில் இட்டுக்கொள்கிறோம். அந்தக் காலத்தில் மாட்டுவண்டி அச்சுக்குப் போட்டதும் வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த மைதான். இன்ஜினில் கறுத்த ஆயிலுக்கு மட்டும் ஒரு மரியாதையும் இல்லை. சர்வீஸ் முடிந்ததும் புதிதாக என்ன ஊற்றினீர்கள் என்று கேட்கிறவர்கள், பழையது எங்கே போனது என்று கேட்பதில்லை. சில பட்டறைகளில் அது பின்பக்கக் கால்வாய்க்குப் போகிறது, மழை பெய்தால் ஏரிக்கு. உண்மையில் அந்த எண்ணெய் பெரும்பாலும் தேய்ந்துபோவதில்லை. மருந்துகள் தீர்ந்து அழுக்கேறியிருக்கிறது, அவ்வளவுதான். முறையாகச் சேர்த்துக் கொடுத்தால் சுத்திகரித்து மறுபடி மூல எண்ணெயாக்கலாம். முதல் சர்வீசுக்கு வண்டியை விடும்போது டிரெயின் போல்ட்டைக் கழற்றுகிற பையன் பக்கத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வடிவதை எதில் பிடிக்கிறான், டப்பா நிறைந்தால் யார் வந்து எடுத்துப்போகிறார்கள் என்று கேளுங்கள்.